கிலுக்கி பிடுங்கிய முட்கள்

நாவல் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் கிலுக்கி என்ற முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. நடக்கும்போது அதன் முதுகு முட்கள் கிலுகிலுவென்று சத்தம் போடும். அதனால்தான் அந்தப் பெயர். யார் வம்புக்கும் போகாது. கிழங்கு தோண்டுவதும் குட்டிகளை வளர்ப்பதும்தான் அதற்கு உலகம்.

அதே காட்டில் புள்ளியன் என்று ஒரு சிறுத்தை இருந்தது. மகா முரடன். எப்போது எங்கிருந்து பாயும் என்று யாருக்கும் தெரியாது. புள்ளியன் வருகிறது என்று குரங்கு குரல் கொடுத்தால் போதும், ஆற்றங்கரையே காலியாகிவிடும்.

அந்தக் காட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. பசிக்குக் கொல்லலாம். உயிரைக் காத்துக்கொள்ளவும் கொல்லலாம். மற்றபடி கொன்றவர் ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும். திரும்பி வரவே கூடாது. உயிரைக் காக்கக் கொன்றவருக்கும் ஒரு கடமை இருந்தது. செத்ததைத் தொடாமல், அங்கேயே நின்று, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். சபை வந்து பார்த்துவிட்டு, "சரி, வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிடும். அவ்வளவுதான். கிலுக்கிக்கும் இந்தச் சட்டம் தெரியும். தெரிந்து என்ன பயன்? பயம் வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் எங்கேயோ ஓடிப் போய்விடுகிறதே!

ஒருநாள் விடியற்காலையில் கிலுக்கி வாயில் கிழங்கைக் கவ்விக்கொண்டு தன் வளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வளைக்கு இருபதடி தூரம் இருக்கும். புதரிலிருந்து புள்ளியன் பாய்ந்துவிட்டது!

கிலுக்கி கிழங்கைப் போட்டுவிட்டுச் சட்டென்று திரும்பி முட்களைச் சிலிர்த்தது. பாய்ந்து வந்த புள்ளியன் நேராக முட்களின் மேலே விழுந்தது. முன்னங்கால் இரண்டிலும் முட்கள் ஏறின. மூக்கில் ஏறின. ஒரு முள் மட்டும் தொண்டையில் ஆழமாக இறங்கிவிட்டது. புள்ளியன் உருண்டது, இருமியது, கொஞ்ச நேரத்தில் அடங்கிப் போனது.

கிலுக்கி கிட்டே போய்ப் பார்த்தது. "ஐயோ! சாகணும்னு நான் நினைக்கலையே!" என்று அழுதது. பிறகு சட்டம் நினைவுக்கு வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தது.

"உஷ்! கத்தாதே!" என்று ஒரு குரல் கேட்டது. பக்கத்து மரப்பொந்திலிருந்து பொந்தன் என்ற உடும்பு தலையை நீட்டியது. அது கிலுக்கிக்கு அண்டை வீடு. சத்தம் கேட்டு அப்போதுதான் விழித்திருந்தது.

"சபையைக் கூப்பிடணுமே, பொந்தண்ணே! அதுதானே சட்டம்!"

"சட்டமாம் சட்டம்! உங்க இனம் தூரத்துல நின்னுக்கிட்டே முள்ளை எய்யும்னு காடே பேசுது. பதுங்கி நின்னு எய்துட்டான்னு சொன்னா என்ன பண்ணுவே?"

"எங்க முள்ளு பறக்காதே! மேல வந்து மோதினாத்தானே குத்தும்!"

"எனக்குத் தெரியுது. மத்தவங்க நம்பணுமே! ரெண்டு குட்டியை வச்சிருக்கே. பேசாம முள்ளையெல்லாம் பிடுங்கி ஆத்துல போடு. உடம்பைப் பள்ளத்துல தள்ளிவிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

பொந்தன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தது. கிலுக்கியும் குட்டிகளை நினைத்தது, புத்தி தடுமாறிவிட்டது. செத்த சிறுத்தையின் காலிலிருந்தும் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் ஒவ்வொரு முள்ளாகப் பல்லால் பிடுங்கியது. எல்லாவற்றையும் ஆற்றில் விட்டது. புள்ளியனை முட்டித் தள்ளிப் பள்ளத்தில் உருட்டி, மேலே சருகுகளை இழுத்துப் போட்டது.

அன்று முதல் கிலுக்கிக்குக் கிழங்கு இறங்கவில்லை. குட்டிகள் கூப்பிட்டாலே திடுக்கிட்டது.

பத்து நாள் போனது. புள்ளியனைத் தேடி அலைந்த அதன் துணை, பள்ளத்தில் எலும்புகளைக் கண்டுபிடித்தது. எறும்பும் காட்டுப்பன்றியும் தின்றது போக எலும்பு மட்டும்தான் மிச்சம். பள்ளத்துக்கு நேர் மேலே சடையன் என்ற கரடியின் குகை இருந்தது. போதாக்குறைக்கு, சடையனும் புள்ளியனும் அந்தக் குகைக்காக எல்லோர் முன்னாலும் சண்டை போட்டவர்கள். "உன்னைக் கிழிச்சுப் போட்டுடுவேன்!" என்று சடையன் கத்தியதைக் கேட்காதவர் இல்லை.

சபை கூடியது. கொம்பாத்தா என்ற காட்டெருமைதான் காட்டின் நீதிபதி.

"நான் கொல்லலை, ஆத்தா! கோவத்துல கத்தினேன், அவ்வளவுதான்!" என்றது சடையன்.

"அப்போ என் வீட்டுக்காரரு தானா செத்துத் தானா சருகைப் போத்திக்கிட்டாரா?" என்று சீறியது சிறுத்தையின் துணை. அதன் கண்கள் அழுது வீங்கியிருந்தன.

கொம்பாத்தா சடையனின் மிரட்டலையும், அதன் குகைக்குக் கீழே கிடந்த எலும்புகளையும் சேர்த்து எடை போட்டது. "சடையா, நாளைக்கு நீ ஆத்தைத் தாண்டிப் போயிடணும்" என்றது.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கிலுக்கி அதைக் கேட்டது. நாவல் மரத்தை உலுக்கித் தன் குட்டிகளுக்குப் பழம் போட்டவன் சடையன். அவன் போகிறான், தான் இருக்கப் போகிறோம்! அதற்கு மேல் கிலுக்கியால் தாங்க முடியவில்லை.

"சடையண்ணன் இல்லை, ஆத்தா! நான்தான்!" என்று கூட்டத்தின் நடுவே வந்து நின்றது.

நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னது.

"பொய்!" என்று கத்தியது சிறுத்தையின் துணை. "தூங்கிக்கிட்டிருந்தவரை முதுகுல குத்திட்டு, இப்போ பாய்ஞ்சாருன்னு கதை விடுறா!"

"இல்லை! என் மேல பாய்ஞ்சாரு! முள்ளெல்லாம் அவரு மூக்குலயும் முன்னங்கால்லயும்தான் இருந்துச்சு!"

"அந்த முள்ளெல்லாம் எங்கே?" என்று கேட்டது கொம்பாத்தா.

கிலுக்கி தலையைக் குனிந்தது. "ஆத்துல போட்டுட்டேன்."

"உடம்பை யாராவது பார்த்தாங்களா?"

"பொந்தண்ணன் பார்த்தாரு!"

எல்லோரும் உடும்பைத் திரும்பிப் பார்த்தார்கள். சொன்ன யோசனைக்குத் தனக்கும் தண்டனை வந்துவிடுமோ என்று பொந்தன் பயந்தது. "நானா? நான் அன்னைக்கு அந்தப் பக்கமே வரலையே!" என்று சொல்லிவிட்டு, பாறை இடுக்கில் புகுந்துகொண்டது.

கிலுக்கி அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. கோபம்கூட வரவில்லை. முட்களைப் பிடுங்கியது தன் பல்தானே!

கொம்பாத்தா பெருமூச்சு விட்டது. "கிலுக்கி, நீ சொல்றது நிஜமாத்தான் இருக்கும்னு என் மனசு சொல்லுது. ஆனா என் மனசை வச்சு நான் தீர்ப்பு சொல்ல முடியாது. பாய்ஞ்சவன் மூஞ்சியில குத்தினியா, தூங்கினவன் முதுகுல குத்தினியா? அதைச் சொல்ல வேண்டியது அந்த முள்ளுங்கதான். உன் பக்கம் பேச வேற சாட்சி இல்லை. அந்த முள்ளையும் நீயே பிடுங்கிப் போட்டுட்டே. மறைச்சு வச்சதாலே ஒரு பாவமும் அறியாதவனையும் காட்டை விட்டு அனுப்ப இருந்தோம். சடையன் இருக்கட்டும். நீ போகணும்."

"குட்டிங்க, ஆத்தா..."

"கூட்டிக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, கொம்பாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் காலையில் ஆற்றங்கரை வரைக்கும் சடையன் கூட வந்தது. அக்கரையில் வெறும் பாறையும் கள்ளியும்தான். கிழங்கு கிடைக்காத மண். கிலுக்கி தண்ணீரில் கால் வைப்பதற்கு முன் நின்றது.

"அண்ணே, அன்னைக்கு விடியக்காலையில நான் ஒரே ஒரு குரல் கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

சடையன் மெதுவாகச் சொன்னது: "ஓடி வந்து பார்த்திருப்போம். 'பாவம், எப்படிப் பயந்து போயிருக்கு பாரு'ன்னு சொல்லி, உன்னை வளையில விட்டுட்டு வந்திருப்போம்."

கிலுக்கி குட்டிகளை முன்னே விட்டு ஆற்றில் இறங்கியது. நடு ஆற்றில் சின்னக் குட்டி திரும்பிப் பார்த்து, "அம்மா, நாம எப்போ வீட்டுக்குத் திரும்பி வருவோம்?" என்று கேட்டது. "தண்ணியைப் பார்த்து நடடா" என்று மட்டும்தான் கிலுக்கியால் சொல்ல முடிந்தது.

உயிரைக் காத்துக்கொள்வது குற்றமல்ல. ஆனால் பயந்துபோய் அதை மறைப்பவர், தம் பக்கம் நியாயம் இருந்தும் அதைக் காட்ட வழியில்லாமல் தாமே கெடுத்துக்கொள்கிறார்.