உட்காரக் கூடாத கடை

குருத்து ஞாயிறு முடிந்த மறுநாள். தேவாலயப் பெஞ்சுகளில் மக்கள் விட்டுப்போன குருத்தோலைகளை வியாகுலம் அடிகள் பொறுக்கிக்கொண்டிருந்தார். சந்தியாகுவும் கூடவே பொறுக்கினார். அவர் பஜாரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அடிகளைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் ஆறு வருடங்களாக அடிகளிடம் விவிலியம் படிக்க வருகிறார்.

நாலாவது பெஞ்சு வந்ததும் சந்தியாகு உட்கார்ந்துவிட்டார். முழங்காலைத் தடவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்.

கடையின் சேலைப் பிரிவில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி. ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறவள். அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் துணிமூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பது கடை வழக்கம். இனி வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லியாகிவிட்டது. போகும்போது அவள், வாசலில் சேலை கட்டி நின்ற பொம்மையைக் காட்டினாளாம். "இவளுக்குக் கால் வலிக்காது முதலாளி. இவளையே வேலைக்கு வச்சுக்குங்க" என்றாளாம்.

"அதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் செஞ்சது நியாயமா சாமி?"

"ஏன் உட்காரக் கூடாது?"

"துணி எடுக்க வர்றவங்களுக்கு மரியாதைக் குறைச்சல் இல்லையா?"

அடிகள் இன்னும் இரண்டு ஓலைகளை எடுத்தார்.

"நேத்து பாடுகளின் வாசகம் நடக்கும்போது நீங்க உட்கார்ந்துட்டீங்க, அண்ணாச்சி."

சந்தியாகுவின் முகம் சுருங்கியது. அந்த ஒரு ஞாயிறு மட்டும் நற்செய்தி மிக நீளம். ஆண்டவர் பட்ட பாடுகள் முழுவதையும் வாசிப்பார்கள். சபை நின்றுகொண்டே கேட்கும்.

"முடியாதவங்க உட்காரலாம்னு நீங்கதானே சொன்னீங்க, சாமி."

"சொன்னேன். எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"பேச்சியம்மா?"

"காலையில ஒன்பதரைக்கு வருவா. ராத்திரி ஒன்பது வரைக்கும்..."

"ஆண்டவர் பாடுகளைக் கேட்கும்போது உட்காரலாம். சேலை பார்க்க வர்றவங்க முன்னால உட்காரக் கூடாதா?"

சந்தியாகு கையிலிருந்த ஓலையை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். நாளைக்கு வேலைக்கு வரும்படி பேச்சியம்மாளிடம் சொன்னார். மறுமுனையில் அவள் நெடுநேரம் பேசினாள். குறுக்கிடாமல் கேட்டார்.

"தப்பு என்னோடதும்மா" என்றார் கடைசியில்.

போனை வைத்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"வரேன்னுட்டா, சாமி. அவளுக்குன்னு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுடறேன்."

அடிகள் ஓலைகளைச் சேர்த்துக் கட்டினார்.

"உங்க கடையில பொம்மை எத்தனை இருக்கு, அண்ணாச்சி?"

"நாலு."

"அந்த நாலுக்கு மட்டும் ஸ்டூல் வேண்டாம்."