ஒரே ஒரு வாக்காளர்

"நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து ஜனநாயகம் படிக்கிறது உங்களுக்கே சிரிப்பா இல்லையா மேடம்?"

முத்துப்பேச்சி கேட்டாள். இளங்கலை அரசியல் அறிவியல், இரண்டாம் ஆண்டு. அவளோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் வணிகவியலில் இடம் கிடைத்ததும் ஓடிவிட்டார்கள். மீதிப் பேர் திருப்பூருக்கும் கல்யாணத்துக்கும் போனார்கள்.

துறையின் ஒரே ஆசிரியை ஜெசிந்தா வருகைப் பதிவை எடுத்தார்.

"முத்துப்பேச்சி."

"முன்னாடிதானே மேடம் உட்கார்ந்திருக்கேன்."

"முத்துப்பேச்சி."

"உள்ளேன் மேடம்."

"இன்னைக்கு வகுப்புப் பிரதிநிதித் தேர்தல்" என்றார் ஜெசிந்தா. "போட்டி இருந்தாலும் இல்லாட்டாலும் ஓட்டுப் போட்டுத்தான் ஆகணும். அது இந்தக் கல்லூரி விதி. ஜெயிச்சவங்க, வகுப்புக்கு ஏதாவதுன்னா கல்லூரிக் குழுவுல உட்கார்ந்து பேசலாம்."

"யாருகிட்ட மேடம் போட்டி? பெஞ்சுகிட்டயா?"

ஜெசிந்தா சாக்பீஸ் டப்பாவைக் காலிசெய்து மேசைமேல் வைத்தார். ஒரு துண்டுத் தாளைக் கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

முத்துப்பேச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாளில் மீசை வைத்த பூனை ஒன்றை வரைந்து டப்பாவில் போட்டாள்.

ஜெசிந்தா டப்பாவைக் குலுக்கினார். திறந்தார். தாளைப் பிரித்து, முன்னும் பின்னும் பார்த்தார்.

"பதிவான ஓட்டு ஒன்று. செல்லாத ஓட்டு ஒன்று. யாரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை."

"பூனை நல்லா இல்லையா மேடம்?"

"நல்லா இருக்கு. ஆனா இந்த வகுப்புல அது படிக்கலையே."

சொல்லிவிட்டு நாடாளுமன்ற முறை பற்றிய பாடத்தை எடுத்தார்.

*

மழைக்காலம் முடிந்த சமயம், அரசியல் அறிவியல் வகுப்பை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. மறுநாள் காலை கல்லூரிக் குழு கூடுகிறது. முத்துப்பேச்சியை வணிகவியல் முதலாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வார்களாம். ஒரு வருஷம்தான் வீணாகும்.

அவள் நேராக முதல்வர் அறைக்குப் போனாள். வாசலில் சங்கிலி என்ற உதவியாளர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குக் கூட்டத்துல நான் பேசணும்ண்ணே."

"நீ யாரு?"

"என்னண்ணே, தெரியாத மாதிரி கேக்குறீங்க? அந்த வகுப்புல இருக்கிறதே நான்தானே."

"படிக்கிற பிள்ளைங்க எல்லாம் உள்ள வந்தா நாற்காலிக்கு எங்க போறது? உங்க வகுப்புப் பிரதிநிதிய வரச் சொல்லு."

"பிரதிநிதி இல்லண்ணே."

"ஏன், தேர்தல் நடத்தலையா?"

"நடந்துச்சு."

"அப்புறம்?"

முத்துப்பேச்சி திரும்பி நடந்தாள்.

*

"எனக்காக நீங்க பேசுங்க மேடம்."

"நான் பேசினா, தன் வேலைக்காகப் பேசுறான்னு சொல்லுவாங்க." ஜெசிந்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அதுவும் பொய்யில்ல."

துடைத்தபடியே அவர் கேட்டார்.

"வணிகவியல் நல்ல படிப்புதான். போயேன்?"

"எங்க ஊர்ல காலை பஸ் நிக்காது மேடம். பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் ஓடித்தான் போவோம். கண்டக்டரக் கேட்டா டிப்போவக் கேளுங்கிறான். டிப்போவுல எங்கப்பா போய்க் கேட்டாரு. மேலிடத்து உத்தரவுன்னாங்க. அந்த மேலிடம் எங்க இருக்கு, அங்க யாரு உட்கார்ந்திருக்கான்னு யாருக்கும் தெரியல. அதத் தெரிஞ்சுக்கத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன். தெரிஞ்சுக்காம போக மாட்டேன்."

ஜெசிந்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மறுதேர்தல் வேணும் மேடம்" என்றாள் முத்துப்பேச்சி.

"வாக்காளர்கள்ல பெரும்பான்மை கேட்டா நடத்தலாம்."

"கேக்குறோம் மேடம்."

சாக்பீஸ் டப்பா மறுபடியும் மேசைக்கு வந்தது. ஜெசிந்தா சுவர்ப்பக்கம் திரும்பினார்.

இந்தமுறை முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. எழுதுகிற கையை இன்னொரு கையால் மறைத்துக்கொண்டாள். அறையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் மறைத்துக்கொண்டாள். தாளை நாலாக மடித்துப் போட்டாள்.

*

மறுநாள் குழு கூடியது. நீள மேசையைச் சுற்றிப் பேராசிரியர்கள். ஜெசிந்தா கடைசி நாற்காலியில், மேசையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கதவைத் தட்டிவிட்டு முத்துப்பேச்சி உள்ளே வந்தாள்.

முதல்வர் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு வகுப்புப் பிரதிநிதி சார்."

"அந்த வகுப்புல எத்தன பேரு?"

"எத்தன பேருன்னாலும், ஒரு ஆள் பாக்கியில்லாம ஓட்டுப் போட்டிருக்கோம் சார்."

யாரோ இருமினார்கள். முதல்வருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, உனக்கு ஓட்டுப் போட்டது யாரு?"

"அதக் கேக்கக் கூடாது சார். ரகசிய வாக்கெடுப்பு."

இப்போது யாரும் இருமவில்லை. அவள் ஜெசிந்தாவைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

முதல்வர் காலி நாற்காலியைக் காட்டினார்.

"உட்காரும்மா. நீ நினைக்கிற மாதிரி எங்களுக்கு ஒண்ணும் ஆசை இல்ல. வகுப்ப மூடணும்னு நாங்களா முடிவு பண்ணல. மேலிடத்து உத்தரவு."

முத்துப்பேச்சி உட்கார்ந்தாள். நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எந்த மேலிடம் சார்?"