நாலு விரல் நீளம்

கோவை உக்கடத்தில் கார் ஏசி பட்டறை வைத்திருந்த மெஹருன்னிசாவுக்கு வயது முப்பத்தாறு. அவளுடைய ஒரே சீடர் தண்டபாணிக்கு அறுபத்திரண்டு. குடிநீர் வாரியத்தில் முப்பத்து நாலு வருடம் இரும்புக் குழாய் பதித்துவிட்டு ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் தொழில் கற்க வந்து சேர்ந்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை சொந்தக் காரையே ஓட்டிக்கொண்டு வந்தார். எண்பத்தேழாம் வருடத்துக் கான்டஸா.

"ஞாயித்துக்கிழமை பேத்திக்குப் பழனியில முடி இறக்கறோம் அம்மிணி. இந்த வெயில்ல ஏசி இல்லாம கைக்குழந்தை தாங்காது."

மெஹருன்னிசா பானெட்டைத் திறந்து, ஏசி ஹோஸின் அடியில் விரலை ஓட்டினாள். விரலில் எண்ணெய் ஒட்டியது.

"ரப்பர் வெடிச்சிருக்கு சார். மாத்திரலாம்."

தண்டபாணிக்கு ரப்பர் என்றாலே ஆகாது.

"மறுபடியும் ரப்பரா? செம்புக் குழாயை அசையாம பத்த வெச்சுட்டா ஆயுசுக்கும் கசியாதுங்களே?"

"போட்டுப் பாருங்க சார்."

அளந்தார், வளைத்தார், பற்றவைத்தார். மதியத்துக்குள் குழாய் பளபளவென்று உட்கார்ந்துவிட்டது. கேஸ் வீணாக வேண்டாமென்று முதலில் நைட்ரஜன் ஏற்றிப் பார்த்தார்கள். மீட்டர் முள் கீழே இறங்கவில்லை; கசிவே இல்லை.

"பாத்தீங்களா!" என்றார் தண்டபாணி.

"குளத்தை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

போனவர் வாடிய முகத்தோடு திரும்பினார். மூன்றாவது வேகத்தடையில் டப்பென்று ஒரு சத்தம், அப்புறம் ஒரே சீறல். பற்றவைத்த இடம் மயிரிழை போல விட்டிருந்தது.

மெஹருன்னிசா என்ஜினை ஓடவிட்டாள்.

"ஏர் ஃபில்டர் மூடி மேல ஒரு கை வையுங்க சார். ஹெட்லைட் மேல ஒரு கை. இப்ப கண்ணை மூடுங்க. என்ன தெரியுது?"

"இந்தக் கை குலுங்குது. அந்தக் கை சும்மா இருக்கு."

"கம்ப்ரசர் குலுங்குற பக்கம் இருக்கு. கண்டன்சர் சும்மா இருக்குற பக்கம் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுலதான் இந்தக் குழாய்."

தண்டபாணி கண்ணைத் திறந்து, செம்புக் குழாயைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு தானே போய்ப் புது ஹோஸை எடுத்து வந்து, நூல் பிசகாமல் அளந்து, வெட்ட வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். மெஹருன்னிசா அந்தக் கட்டைவிரலை நாலு விரல் நீளம் தள்ளி வைத்தாள்.

"தொங்குமே அம்மிணி?"

"தொங்கட்டும்."

ஹோஸை மாட்டி, உள்ளே இருந்த காற்றை உறிஞ்சியெடுத்து, கேஸ் நிரப்பினார்கள். ஜில்லென்று காற்று வந்தது. தண்டபாணி டிரைவர் சீட்டில் சாய்ந்து முகத்தை நீட்டிக் குளிர்ச்சியை அனுபவித்தார். அந்தச் சுகத்தில் மனதில் இருந்ததும் வெளியே வந்துவிட்டது.

"பழனிக்கு மூணு மணி நேரம். மாப்பிள்ளை பக்கத்துல உட்காருவார். தங்கமான பையன்தான், ஆனா வாயை மூட மாட்டார். சிரிச்சார்னா கண்ணாடி அதிரும். பாட்டுப் போட்டா தோள்ல தாளம் போடுவார். எனக்குக் கொஞ்சம் அமைதி வேணுமுங்க. அவர் ஆட்டத்தை எப்படி நிறுத்தறது?"

மெஹருன்னிசா ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். என்ஜின் நின்றது. காற்றும் நின்றது. சித்திரை வெயில் கூரை வழியாக இறங்கியது.

"ஏனுங்க நிறுத்திட்டீங்க?"

"ஆட்டத்தை நிறுத்திட்டேன் சார்."

தண்டபாணியின் கழுத்தில் வியர்வை வழிந்தது. சாவியைத் திருப்பினார்.

திங்கட்கிழமை காலை அவர் மொட்டைத் தலையோடு பட்டறைக்கு வந்தார்.

"பேத்திக்குத்தானே முடி இறக்கப் போனீங்க?"

"மாப்பிள்ளையும் மொட்டை போட்டார். என்னையும் இழுத்து உட்கார வெச்சுட்டார்."

"ஏசி எப்படி?"

"குழந்தை சிணுங்கவே இல்லை."

"மாப்பிள்ளை?"

"போறப்போ பழனி வரைக்கும் பேசினார். திரும்பறப்போ உடுமலை தாண்டினதும் தூங்கிட்டார். வண்டிக்குள்ள ஒரு சத்தம் இல்லீங்க."

"நீங்க கேட்ட அமைதி கிடைச்சிருச்சே சார்."

தண்டபாணி மொட்டையைத் தடவிக்கொண்டார்.

"பொள்ளாச்சியில ஒரு டீக்கடையைப் பார்த்தனுங்க. எழுப்பிட்டேன்."