பதினைந்து கொடுத்த வண்டி

கொல்லிமலைமேல் ஒரு மடம். மடத்துக்கு ஒரு பிக்கப் வண்டி. மடத்தின் தலைவி நாச்சாயம்மைக்கு நாற்பது வயது. அவருக்குச் சீடராக இருந்து வண்டியும் ஓட்டிய தெய்வசிகாமணிக்கு அறுபத்திரண்டு. ராசிபுரத்தில் ஹார்டுவேர் கடை நடத்தியவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு ஞானம் தேடி மலையேறினார். ஞானம் அகப்படவில்லை, வண்டிதான் அகப்பட்டது.

அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் என்று விற்றவர்கள் சொன்னதை, தாமே கண்டுபிடித்தது போல மடத்தில் வந்து சொன்னார். வண்டி ஒன்பதுக்கு மேல் ஒருநாளும் கொடுத்ததில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திரையில் அந்த ஒன்பது பச்சையாக எரிந்துகொண்டே இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மானம் போகும்.

ஒருநாள் காலை அவர் நாச்சாயம்மை முன்னால் கைகட்டி நின்றார்.

"அம்மா, சுனைக்கு மேல இருக்கிற தனிக் குடிலுக்கு நான் போயிடறனுங்க."

"ஏனுங்கய்யா, இங்க என்ன குறை?"

"விடியக்காலம் தியானத்துல உக்காந்தா மனசு பாலாட்டம் இருக்குதுங்க. சந்தைக்குப் போயிட்டு வந்தா திரிஞ்சு போயிடுது. தக்காளிக்காரன்கிட்ட சண்டை. வண்டியில ஏறுறவங்ககிட்ட சண்டை. நேத்து ஒரு ஆட்டுக்கிட்டயே சண்டை போட்டனுங்க."

"ஆடு என்ன சொல்லுச்சு?"

சிகாமணி சிரிக்கவில்லை. ஆறு வருஷம் மலையில் இருந்தும் கோபம் போகவில்லையே என்ற வெட்கம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. கண் கலங்கிவிட்டது.

"குடில்ல ஆளுக யாரும் இல்லீங்க. அங்க இருந்தா நான் நல்லவனா இருப்பேன். சாவியைக் கொடுங்கம்மா."

நாச்சாயம்மை வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"வண்டி இப்ப எவ்வளவு கொடுக்குது?"

"அதை மட்டும் கேக்காதீங்கம்மா. ஒம்போதுங்க."

"பதினஞ்சு கொடுக்கும்னீங்களே?"

"கொடுக்குமுங்க. நாம விட்டாத்தானே? அரிசி மூட்டை, காய்கறி, பலாப்பழம், கைகாட்டுற ஆளுக, அவங்க ஆடு கோழின்னு அத்தனையும் ஏத்திக்கிட்டு வளைவுக்கு வளைவு முக்கி முக்கி ஏறினா எந்த வண்டிதான் கொடுக்கும்?"

கைகாட்டியவர் யாராக இருந்தாலும் ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்பது மடத்து வழக்கம். சிகாமணி அதற்குக் கட்டுப்பட்டிருந்தாரே தவிர, ஒருநாளும் அதற்கு ஒப்பியதில்லை.

"சரிங்கய்யா," என்றார் நாச்சாயம்மை. "நாளைக்குப் பௌர்ணமி அன்னதானம். எப்பவும் போல அடிவாரம் போவீங்கல்ல? வர்றப்ப அந்தப் பதினஞ்சைக் கொண்டாந்து எனக்குக் காட்டுங்க. சாவி உங்களுக்குத்தான்."

சிகாமணிக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுலபமா!

சாயங்காலமே வண்டியைச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டார். தார்ப்பாயை இறக்கினார். கயிறு, ஜாக்கி, டூல்ஸ் பெட்டி எல்லாவற்றையும் இறக்கினார். ஸ்டெப்னியைப் பார்த்துச் சற்று யோசித்தார். பிறகு அதையும் கழற்றி உருட்டிவிட்டார். மறுநாள் காலையில் இட்லி எடுத்துவைத்தபோது வேண்டாம் என்றார். தொப்பையும் பாரம்தானே.

அடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் டேங்க் நிரம்ப டீசல் பிடித்தார். திரையைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தார். நாமக்கல் தாண்டி நான்குவழிச் சாலையில் காலி வண்டியை மெதுவாக, ஒரே சீராக விட்டார். மேடில்லை, பள்ளமில்லை, கைகாட்ட ஆளில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அமுக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து கெட்ட வார்த்தையில் திட்டினார். சிகாமணி அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார். மனசு பாலாட்டம் இருந்தது. திரை பதினெட்டைக் காட்டியது. அவர் வாய்விட்டுப் பாடினார்.

அடிவாரத்துக்குத் திரும்பியபோது ரைஸ் மில் வாசலில் அன்னதான அரிசி மூட்டைகள் தயாராக இருந்தன. மில்காரர் பெரியண்ணன் ஓடிவந்தார்.

"வண்டியை ரிவர்ஸ் எடுங்க. ஏத்திடலாம்."

சிகாமணி மூட்டைகளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"ஏத்தினா இறங்கிடுமே."

"எது இறங்கிடும்?"

"அது உங்களுக்குப் புரியாதுங்க. முதல்ல இதை அம்மாகிட்டக் காட்டிட்டு வந்துடறேன். மூட்டையை அடுத்த நடைக்கு எடுத்துக்கலாம்."

பெரியண்ணனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. மூட்டைமேல் கை வைத்தபடியே நின்றார்.

காலி வண்டி என்றாலும் மலை மலைதான். ஏற ஏற எண் இறங்கியது. பத்தாவது வளைவிலேயே பதினெட்டு போய்விட்டது. பாதி மலையில் பதினேழும் கரைந்தது. சிகாமணி காலைப் பெடல்மேல் பட்டும் படாமல் வைத்துக்கொண்டு முருகா முருகா என்று ஏறினார்.

வழியில் ஒரு பெண் மிளகு மூட்டையோடு கைகாட்டினார். "அடுத்த நடை!" என்று கத்திவிட்டுப் போனார் சிகாமணி. பலாப்பழத்தோடு ஒருவர் கைகாட்டினார். அவருக்கும் அடுத்த நடை. அன்னதானத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்த ஒரு குடும்பமே நடுரோட்டுக்கு வந்து கைகாட்டியது. சிகாமணி அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார். அந்தச் சுற்றில் ஒரு புள்ளி குறைந்துபோனதற்குத்தான் அவருக்கு வருத்தம்.

மடத்து வாசலில் வண்டி நின்றபோது திரையில் சரியாகப் பதினைந்து இருந்தது. சட்டென்று இஞ்சினை அணைத்தார். திரை மட்டும் எரியட்டும் என்று சாவியைப் பாதி திருப்பிவைத்துவிட்டு, "அம்மா! அம்மா!" என்று கூவிக்கொண்டே உள்ளே ஓடினார்.

நாச்சாயம்மை வந்து வண்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்தார்.

"அட, பதினஞ்சேதான்! நான்கூட நம்பலைங்கய்யா."

இடுப்பில் செருகியிருந்த குடில் சாவியை எடுத்து அப்போதே அவர் கையில் கொடுத்துவிட்டார். சிகாமணி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

அதற்குள் சமையல்கட்டிலிருந்து செல்லாயி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"அண்ணே, உலை கொதிச்சுக் கொதிச்சு வத்துது. மூட்டை எங்க? பிள்ளைகளுக்குக் கிழங்கு அவிச்சுக் கொடுத்து உக்கார வச்சிருக்கேன். பெரியவங்களை என்ன சொல்லி உக்கார வைக்கிறது?"

சிகாமணி வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒரு காய்ந்த இலை கிடந்தது.

பந்தியில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்த ஐம்பது அறுபது பேரும் அவரையே பார்த்தார்கள். யாரோ ஒரு குழந்தை கிழங்கை மென்றபடி, "மாமா வந்துட்டாரு, சோறு வந்துருச்சு," என்று கைதட்டியது.

"அரிசி அடிவாரத்துல இருக்குதுங்கம்மா," என்றார் சிகாமணி. "ஏத்தினா இது குறைஞ்சிடும்னு..."

"ஆமாங்கய்யா, குறையத்தான் செய்யும்," என்றார் நாச்சாயம்மை. "நீங்க குடிலுக்குக் கிளம்புங்க. ஏற்றம் அதிகம், பொழுதோட போய்ச் சேரணும்."

சிகாமணி ஓர் அடி எடுத்துவைத்தார். திரும்பினார். பந்தியைப் பார்த்தார்.

"இவங்களுக்கெல்லாம்... நான் என்னம்மா சொல்லிட்டுப் போறது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். எல்லாரும் பசியோட இருக்காங்க. அந்தப் பதினஞ்சைக் கொண்டாந்து பரிமாறிட்டுப் போங்க."