திரை மூலையில் ஐந்து எண்கள்

பாளையங்கோட்டையில் ஒரு குரு இருந்தாள். வயது இருபத்தெட்டு. பெயர் ஜெசிந்தா. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். தான் ஒரு குரு என்பது அவளுக்குத் தெரியாது. சொன்னால் அடிக்க வருவாள்.

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. பெயர் சிவனணைந்தான். தூத்துக்குடி ரோட்டில் ஓர் எடை மேடையில் இருபத்தாறு வருஷமாக வேலை. லாரி மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் சிவப்பு எண் எரியும். அவர் சீட்டு கிழித்துக் கொடுப்பார். டிரைவர் ஆயிரம் சொல்லுவான், அதெல்லாம் காதில் விழாது. எண் என்ன சொல்கிறதோ அதுதான்.

அவருக்கு ஒரே மகன், நம்பி. இருபது வயது. தசை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துபோகிற நோய். பன்னிரண்டு வயதில் நடை நின்று சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டான். "அடுத்து கைக்கு வரும். எப்போன்னு சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு வருஷமாக வரவில்லை. இனி வராது என்று சிவனணைந்தான் தாமாகவே முடிவு கட்டிவிட்டார். பெத்த மனசு, வேறு என்ன செய்யும்?

நம்பி கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடுவான். அதில் ஒரு பையன் மலை மலையாக ஓடுவான், பாறைக்குப் பாறை தாவுவான். நம்பியால் ஓட முடிந்த இடம் அது ஒன்றுதான். அந்தக் கம்ப்யூட்டரை ஜெசிந்தாதான் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்தாள்.

ஒருநாள் நம்பி சொன்னான்: "எப்பா, மெஷின் திணறுது. நான் அமுக்கினா லேட்டாத் தாவுது."

மறுநாள் காலை சீடர் மாடிப்படி ஏறினார்.

"டீச்சர், மெஷின் திணறுதாம்."

"டீச்சர்னு கூப்பிடாதீங்க அண்ணாச்சி. நானே ப்ளஸ் டூ ரெண்டு தடவை எழுதினவ."

"சொல்லித் தாறவங்க டீச்சர்தான். மெஷின் திணறுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கது? அதை எனக்குச் சொல்லித் தாங்க."

அவள் ஒரு சின்ன புரோகிராமைக் கொடுத்தனுப்பினாள். விளையாடும்போது திரையின் மூலையில் ஐந்து எண்கள் ஓடும். செகண்டுக்கு எத்தனை படம். கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதம் உழைக்கிறது. பிராசசர் எத்தனை சதம். சூடு எவ்வளவு. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம். அந்தக் கடைசி எண்ணுக்குக் கீழே மட்டும் ஒரு கோடும் ஓடும்.

எண் என்றதும் மனுஷருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எண்ணை வாசிக்க அவருக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

மறுநாளே ஓடி வந்தார்.

"டீச்சர், கார்டு தொண்ணூத்தெட்டு சதம் காட்டுது! ஓவர்லோடு!"

"என்ன செஞ்சீங்க?"

"பொட்டியோட மூடியக் கழட்டி டேபிள் ஃபேனைத் திருப்பி வச்சிருக்கேன். அரை மணி நேரத்துக்கு மேல ஆடக் கூடாதுன்னு அவன்ட்ட சொல்லிட்டேன்."

ஜெசிந்தா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, அது லாரி இல்ல. தொண்ணூத்தெட்டுன்னா கார்டு முழுசா உழைக்குதுன்னு அர்த்தம். உழைக்கத்தானே வாங்கிப் போட்டிருக்கு? சூடு எவ்வளவு?"

"எழுபத்திரண்டு."

"ரொம்ப நல்லாருக்கு. மூடிய மாட்டுங்க, உள்ள பல்லி போயிரும்."

அவர் போய் மூடியை மாட்டினார். ஃபேனை மட்டும் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு கட்டு எடைச் சீட்டோடு வந்தார். பின்பக்கமெல்லாம் எண்கள். மணி, படம், சதம், சூடு என்று கோடு போட்டு எழுதியிருந்தார்.

"தொண்ணூறு படம் வருது டீச்சர். தொண்ணூறுக்குக் கீழ இறங்கவே இல்ல. ஆனாலும் பிந்துதுங்கான்."

"தொண்ணூறும் சீரா வரணும் அண்ணாச்சி. எண்பத்தொம்பது படம் விறுவிறுன்னு வந்துட்டு ஒண்ணு மட்டும் பிந்தினாலும் கண்ணுல தட்டும். மொத்தத்துல பாத்தா அப்பவும் தொண்ணூறுதான் காட்டும்."

"அடப்பாவி! அப்ப அந்த ஒண்ணை எப்படிப் பிடிக்கது?"

"கீழ ஒரு கோடு ஓடுதுல்லா, அதைப் பாருங்க. கோடு குத்திட்டு எழும்பிச்சுன்னா அங்கதான் திணறல்."

சீடர் மூன்று நாள் சாயங்காலம் மகனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பாத்தியா, லேட்டாத் தாவுது" என்று நம்பி சொல்லுவான். கோடு நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கும். மலைமேல் அந்தப் பையன் மட்டும் பள்ளத்தில் விழுவான்.

நான்காம் நாள் கடைக்கு வந்தவர் பேச்சில் பழைய உற்சாகம் இல்லை.

"கோடு அசையவே இல்ல டீச்சர். அவன் விழுதான்."

ஜெசிந்தா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"மூணு நாளும் கோட்டைத்தான் பாத்தீங்களா?"

"கண்ணு சிமிட்டல."

அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வீட்டுக்கு வாரேன்" என்றாள்.

சொன்னபடி வந்தாள். வேறு திரையை மாட்டினாள். ஒயரை மாற்றினாள். நம்பி கையில் வைத்து ஆடுகிற கன்ட்ரோலரையும் மாற்றிப் புதியதைக் கொடுத்தாள். சிவனணைந்தானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "டீச்சருக்கு வடை வாங்கிட்டு வாரேன்" என்று கிளம்பிப் போனார்.

அவர் போனதும் ஜெசிந்தா நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆடு தம்பி."

நம்பி ஆடினான். அவள் அவன் முகத்தையும் விரலையும் பார்த்தாள். பள்ளம் வந்தது அவன் கண்ணில் தெரிந்தது. 'இப்போ' என்று உதடு அசைந்தது. வலது பெருவிரல் அதற்குப் பிறகுதான் கிளம்பியது. மெதுவாக, யாரோ பிடித்து இழுப்பது மாதிரி வந்து பொத்தானில் விழுந்தது. விழுந்த அந்த நொடியே அவள் முதுகுக்குப் பின்னால் தாவுகிற சத்தம் கேட்டது. மெஷின் ஒரு இம்மிகூடப் பிந்தவில்லை.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

நம்பி கன்ட்ரோலரை மடியில் வைத்தான்.

"ரெண்டு மாசம் இருக்கும்க்கா."

"அப்பாட்ட சொல்லலியா?"

"மெஷின்னு சொன்னேன். அவரும் தினம் சீட்டுல எழுதி வச்சுக்கிட்டு, உங்ககிட்ட பாடம் கேட்டுக்கிட்டு, நல்லா இருக்காரு. என் விரல்னு தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாரு. ஏதாவது பார்ட்டு மாத்தணும்னு சொல்லிருங்கக்கா."

"எனக்குப் பொய் சொல்ல வராதுப்பா."

"அப்ப ஒண்ணும் சொல்லாதீங்க."

அவன் அழவில்லை. அழுகை வந்தது ஜெசிந்தாவுக்குத்தான். ஒயர் தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டாள். வடை வந்தது. அதை எப்படித் தின்றாள் என்பது அவளுக்கே தெரியாது.

திங்கள்கிழமை கடை திறக்கும் முன்பே சீடர் படியில் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், கார்டு மாத்திருவோம். பெருசா ஒண்ணு போடுங்க."

"வேண்டாம்."

"பிராசசர்?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"அப்ப எதுதான் கோளாறு? அஞ்சு எண்ணையும் கரைச்சுக் குடிச்சுட்டேன். அஞ்சும் சரியா இருக்கு. ஆறாவதா ஒண்ணு இருந்தா அதையும் சொல்லித் தாங்க. நான் படிச்சுக்கிடுதேன்."

ஜெசிந்தா ஷட்டரைத் தூக்கினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"நான் ஒண்ணு கேக்கேன். உங்க மேடையில கோளாறு இல்ல. லாரியிலயும் கோளாறு இல்ல. ஆனா எடை இடிக்கி. முதல்ல என்ன செய்வீங்க?"

"இதென்ன கேள்வி டீச்சர்? கண்ணாடி ரூமை விட்டு எந்திரிச்சு வெளிய போவேன். டிரைவர் சீட்டைப் பாப்பேன். காலி வண்டி எடைக்கு இறங்கி நின்னிருப்பான். லோடு எடைக்கு ஏறி உக்காந்திருப்பான். எண்ணுல அது தெரியாது, போய்த்தான் பாக்கணும், சீட்டுல யாரு..."

அவர் நிறுத்திவிட்டார்.

ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜெசிந்தா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"விரலா?" என்றார் கடைசியில்.

"ஆமா அண்ணாச்சி."

"எந்தக் கை?"

"வலது. பெருவிரல்."

"பின்னாலயே நின்னேன் டீச்சர். மூணு நாள். அவன் தோளுல கை வச்சுக்கிட்டு நின்னேன். கோட்டைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கேனே பாவி."

அழுதார். இருபத்தாறு வருஷம் லாரிக்காரர்களை அதட்டிய தொண்டை அது. ஜெசிந்தா பக்கத்தில் நின்றாள்.

வெகுநேரம் கழித்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஒரு உதவி செய்யுங்க. எனக்குத் தெரியும்னு அவன்ட்ட சொல்லிராதீங்க. மெஷின்தான்னு நான் நெனைக்கேன்னு அவன் நெனைச்சுக்கிடட்டும். தெரிஞ்சா தாங்க மாட்டான்."

இப்போது ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்லா இருக்கு நியாயம்! அப்பா தாங்க மாட்டாருங்கான் அவன். மகன் தாங்க மாட்டான்ங்கீங்க நீங்க. நடுவுல நான் ஒருத்தி ரெண்டு பேருக்கும் வாய மூடிக்கிட்டு நிக்கணுமாக்கும்? எந்திரிங்க."

அலமாரியிலிருந்து இன்னொரு கன்ட்ரோலரை எடுத்தாள். திறந்த ஷட்டரை அப்படியே இறக்கிப் பூட்டினாள். அவரை முன்னால் நடக்கவிட்டு அவள் பின்னால் போனாள்.

வீட்டில் நம்பி தனியாக இருந்தான். அவன் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அப்பாவின் கண் சிவந்திருப்பதைப் பார்த்தான்.

"சொல்லிட்டீங்களாக்கா?"

"நான் சொல்லல. அவராத்தான் கண்டுபிடிச்சாரு."

சிவனணைந்தான் போய் மகனின் நாற்காலிப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பெருவிரலைத் தடவிக் கொடுத்தார். நம்பியின் கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைத்தார். அவருடையதை அவன் துடைக்கக் கை தூக்கினான், பாதியில் நின்றுவிட்டது. அவரே முகத்தைக் கொண்டுபோய் அந்தக் கையில் வைத்தார்.

ஜெசிந்தா அந்தப் பக்கம் திரும்பாமல் இரண்டு கன்ட்ரோலரையும் கம்ப்யூட்டரில் இணைத்தாள்.

"ரெண்டையும் ஒண்ணா ஆக்கிட்டேன். யாரு எதை அமுக்கினாலும் மலைமேல ஓடுறது அந்த ஒரு பையன்தான். நம்பி, இடது கையால நீ ஓட்டு. அண்ணாச்சி, தாவுறது உங்க பொறுப்பு."

"ஐயையோ! எப்ப அமுக்கணும்னு எனக்கு என்ன தெரியும்?"

"நான் சொல்லுதேன்ப்பா. இந்தா வருது பள்ளம்... இப்ப!"

அவர் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பையன் விழுந்துவிட்டான்.

"இப்பன்னா உடனே அமுக்கணும்."

"உடனேதாம்ல அமுக்கினேன்."

மறுபடியும் விழுந்தான். அடுத்த தடவை பள்ளமே இல்லாத இடத்தில் குதித்தான். அதற்கடுத்த தடவை அப்பாவுக்குப் பதற்றத்தில் பொத்தானே மாறிப்போய், பையன் பாறைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். நம்பிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, மெஷின் நல்லாத்தான் இருக்கு. எங்கப்பாதான் லேட்டு!"

"எல, அன்னைக்கு மெஷினைக் குறை சொன்ன. இன்னைக்கு என்னையச் சொல்லுத."

"அக்கா, அந்த மூலையில ஓடுற எண்ணை எடுத்துருங்க. பாறைய மறைக்கி."

ஜெசிந்தா எடுத்துவிட்டாள். சீடர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கவனம் முழுக்க மகனின் வாயில் இருந்தது.

பன்னிரண்டாவது தடவை "இப்ப!" என்றான் நம்பி. பையன் பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கப் பாறையில் போய் நின்றான். சிவனணைந்தான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அம்மாள் ஓடிவந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

ஜெசிந்தா கிளம்பினாள். அவர் வாசல்வரை வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் குரலைத் தணித்துக் கேட்டார்.

"டீச்சர், இடது கையும் போயிரும்லா?"

"டாக்டர் சொன்னாருல்லா அண்ணாச்சி. போகும்."

அவர் உள்ளே மகன் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அப்ப என்ன செய்யதுக்கு?"

"அப்ப அவன் வாயால சொல்லுவான். ஓடுறதும் தாவுறதும் எல்லாம் நீங்கதான். அதுக்குத்தான் சொல்லுதேன், உள்ள போய் நல்லாப் பழகுங்க."