வெயிலாச்சி அம்மையாரின் இடது தோள்

பொருநை ஆற்றின் தென்கரையில் நன்னீர்க்கரை என்றோர் ஊர். அங்கே கோயில் கொண்டவள் நீர்வளநாயகி. அந்த ஊரில் பிள்ளை பெற்ற வீடுகளின் புறவாசலிலேயே தம் காலத்தைக் கழித்தவர் வெயிலாச்சி அம்மையார்.

விடிந்ததும் வந்துவிடுவார். நொச்சியும் வேப்பிலையும் போட்டு வெந்நீர் காய்ச்சுவார். முதலில் பெற்றவளுக்கு. இடுப்பிலும் முதுகிலும் எண்ணெய் தேய்த்து, பொறுக்கும் சூட்டில் நீர் ஊற்றி, தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டி, வயிற்றைச் சுற்றிப் பழைய சேலைத் துணியைக் கட்டிப் படுக்கவைப்பார். அடுத்தது பிள்ளை. மணையில் அமர்ந்து காலை நீட்டி, கால்களின் மேல் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டுவார். வேறு யாரும் தொடக் கூசும் துணிகளை ஆற்றுக்கு எடுத்துப்போய் அலசி வருவார். கொடுத்த சோற்றை வாங்கிக்கொள்வார்.

அவருக்கு மந்திரம் தெரியாது. பால் குடித்த பிள்ளையை இடது தோளில் சாய்த்து, ஏப்பம் வரும்வரை முதுகைத் தடவிக்கொடுக்கும்போது நாயகியிடம் ஒன்று சொல்வார். "என் தோள் இல்ல தாயி, உன் தோள்." பிள்ளை கக்கினால் துடைத்துவிட்டு மறுபடியும் அதையே சொல்வார். சாயங்காலம் கோயில் மணி கேட்டால், எந்த வீட்டுப் புறவாசலில் நின்றாலும், தோளில் பிள்ளையோடு அந்தத் திசைக்குத் திரும்பி நிற்பார். அவருடைய பூசை அவ்வளவுதான்.

நீர்வளநாயகியை அவர் பார்த்ததில்லை.

வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்த வருடமே அவருக்கு ஒரு மகன் பிறந்தான். தீட்டுக் கழியும் முன்பே இறந்தும் போனான். அவனைப் புதைத்துவிட்டு வந்து, பால் கட்டிய வலியோடு படுத்திருந்தார். பக்கத்து வீட்டில் பெற்றவள் காய்ச்சலில் கிடந்தாள். அவள் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அம்மையார் எழுந்துபோய் அதை எடுத்துப் பால் கொடுத்தார். அன்று தொடங்கிய வேலை. பின்னர் கணவரும் ஆற்று வெள்ளத்தில் போனார். வேலை நிற்கவில்லை.

பிள்ளை பெற்ற வீட்டில் புழங்குகிறவர்கள் தீட்டுக் கழியும்வரை கோயிலுக்குள் போகலாகாது என்பது ஊர் வழக்கம். ஒரு வீட்டின் தீட்டுக் கழிவதற்குள் இன்னொரு வீட்டில் பிறந்துவிடும். அம்மையார் கோபுரத்தைத் தெருமுனையிலிருந்து பார்ப்பதோடு சரி. அம்பாள் எப்படி இருப்பாள் என்று யாரிடமும் கேட்டதுமில்லை. பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

காலமெல்லாம் பிள்ளைகளைத் தாங்கியதில் அவருடைய இடது தோள் தாழ்ந்து போயிற்று. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார். அவர் கையில் குளித்து வளர்ந்தவர்களே அவரைக் 'கோணத்தோளி' என்றார்கள். கூப்பிட்ட பெயருக்குத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

ஒருமுறை, கோயிலில் பூசை செய்யும் கல்யாணசுந்தர பட்டர் ஆற்றிலிருந்து வந்துகொண்டிருந்தார். அம்மையார் வழியை விட்டு விலகி நின்று கேட்டார்.

"சாமி, நான் எப்பம் வந்து தாயைப் பாக்கலாம்?"

பட்டர் கெட்டவர் அல்லர். ஆனால் படித்துறையில் ஆட்கள் இருந்தார்கள். "ஊர்ல பிள்ளை பொறக்கது என்னைக்கு நிக்கோ, அன்னைக்கு வா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மையார் சற்று யோசித்தார். "அப்பம் நான் வராமலே இருக்கேன் சாமி" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. பட்டர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே போய்விட்டார்.

கோயில் திருப்பணி முடிந்து குடமுழுக்குக்கு நாள் குறித்த வருடம், ஊரில் ஒரே ஒரு பெண்தான் நிறைமாதமாக இருந்தாள். பெயர் சங்கரவடிவு. தாயில்லாத பெண். அதனால் தலைப்பிரசவமும் புகுந்த வீட்டில்தான். அவள் மாமியார் பகவதி ஆச்சி அம்மையாரைத் தேடி வந்தார்.

"ஏளா வெயிலாச்சி, இந்தத் தடவ நீ வராண்டாம். பக்கத்தூர்லருந்து ஒருத்திய ஏற்பாடு பண்ணிட்டேன். குடமுழுக்குல நீ தாயைப் பாரு. எம் மவன நீதான் குளிப்பாட்டுன. எனக்கும் ஒரு புண்ணியம் வேணும்லா."

அம்மையார் ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். எந்தப் பிள்ளையையும் தொடாமல் ஒதுங்கி இருந்தார். அந்நாட்களில் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்ததாகப் பின்னால் சொல்லியிருக்கிறார். சங்கரவடிவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது என்ற செய்தியைக் கூடத் தெருவில் நின்றுதான் கேட்டார். பேறு பார்த்தவள் தன் வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

குடமுழுக்கு நாளன்று அம்மையார் ஆற்றில் மூழ்கி எழுந்து, ஈரச் சேலையோடு, தாமரைப்பூ ஒன்றை ஏந்தி வரிசையில் நின்றார். கலசங்களில் நீர் ஊற்றி முடிந்தது. இனி அம்பாளுக்கு அபிடேகமும் அலங்காரமும் ஆகித் திரை விலக வேண்டியதுதான். வரிசை நகர்ந்தது. வாசற்படிக்கு வந்துவிட்டார்.

அப்போது தேரடியில் ஒருவன் நிற்பதைக் கண்டார். சங்கரவடிவின் கணவன் குற்றாலம். தீட்டு வீட்டுக்காரன் என்பதால் கிட்டே வரவில்லை. இவரைப் பார்த்தான், உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

அம்மையார் வரிசையில் நின்றபடியே கேட்டார். "என்னய்யா?"

"ஒண்ணுமில்ல அத்தை. நீங்க சாமியப் பாருங்க."

"பிள்ளை பால் குடிக்கா?"

அவன் தலை நிமிராமலே சொன்னான். "அவ பிள்ளையத் திரும்பிப் பாக்கவே மாட்டேங்கா அத்தை. சொவரப் பாத்துப் படுத்துருக்கா. பேசமாட்டேங்கா. பிள்ளை அழுத அழுகைல தொண்டை கட்டிட்டு. பேய் அண்டிருக்குன்னு அம்மா வேப்பங்குழைக்கு ஆள் விட்டிருக்கா."

அம்மையார் ஒருமுறை உள்ளே பார்த்தார். திரைதான் தெரிந்தது. தாமரைப்பூவைப் பின்னால் நின்றவளிடம் கொடுத்தார். "தாயிகிட்ட நீ குடுத்துரு" என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு இறங்கினார்.

"கோணத்தோளிக்குக் குடுத்து வைக்கல" என்று யாரோ சொன்னார்கள். உள்ளே சங்கு ஊதிக்கொண்டிருந்த பட்டரும் அவர் இறங்கிப் போவதைப் பார்த்தார்.

அந்த வீட்டில் கதவு சன்னல் எல்லாம் அடைத்திருந்தது. பிள்ளை தொட்டிலில் முனகிக்கொண்டிருந்தது. பகவதி ஆச்சி கையைப் பிசைந்தார். "நான் ஒரு கொறையும் வைக்கல வெயிலாச்சி. பச்ச ஒடம்புன்னு தண்ணி கூடக் காட்டாமத்தான் வச்சிருக்கேன்."

நல்லது என்று நம்பித்தான் செய்திருந்தார். அந்த ஊரில் பல வீடுகளில் அப்படித்தான். அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. "ஆச்சி, கொஞ்சம் சீரகம் போட்டு வெந்நி வைங்க. சொம்பு நெறைய வேணும்" என்றார். சன்னலைத் திறந்தார். வீட்டார் எல்லோரும் அவர் பிள்ளையைத் தூக்குவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பிள்ளையை எடுத்துக்கொள்ளுமாறு ஆச்சியிடம் சொல்லிவிட்டுத் தாயின் அருகே போய் உட்கார்ந்தார்.

சீரகத் தண்ணீரை ஆற்றி ஆற்றிக் கொடுத்தார். சங்கரவடிவு மடக்மடக்கென்று குடித்தாள். இன்னொரு சொம்பும் குடித்தாள். அம்மையார் அவளைப் புறவாசலுக்கு நடத்திப் போய், எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினார். முதுகில் நீர் விழ விழ அவள் அழத் தொடங்கினாள்.

"அத்தை, அது எம் பிள்ளைன்னே எனக்குத் தோணல. யாரோ கொண்டாந்து போட்டுட்டுப் போன மாதிரி இருக்கு. எல்லாரும் பேயிங்காவ. நான் பேயா அத்தை?"

"பேயி வெந்நி குடிக்குமாட்டி?" என்றார் அம்மையார். "தோணலேன்னா இருக்கட்டும். எல்லாருக்கும் ஒடனே தோணிராது. நீ மொதல்ல தின்னு, தூங்கு. அதுவரைக்கும் அவன் யார் பிள்ளையாவும் இருக்கட்டும். நான் வச்சிருக்கேன்."

சூடான சோறும் பூண்டுக் குழம்பும் தின்றபின், அவளைச் சாய்த்து உட்காரவைத்துப் பிள்ளையை மாரில் விட்டார். பிள்ளை தேடிப் பற்றிக்கொண்டது. சங்கரவடிவு முகத்தைத் திருப்பியே இருந்தாள். அம்மையார் பிள்ளையைப் பாரென்று சொல்லவில்லை. குடித்து முடிந்ததும் அவனை வாங்கிக்கொண்டு, "இனி தூங்கு" என்றார். அவள் உடனே தூங்கிப்போனாள்.

அம்மையார் பிள்ளையை இடது தோளில் சாய்த்துப் புறவாசலில் நடந்தார். "என் தோள் இல்ல தாயி, உன் தோள்." பிள்ளை ஏப்பம் விட்டது, கொஞ்சம் பாலைக் கக்கியது. அந்நேரம் கோயிலில் மேளமும் மணியும் சேர்ந்து ஒலித்தன. அவர் அந்தத் திசைக்குத் திரும்பி நின்றார். அப்போது அவர் கண் கலங்கியதாகச் சொல்பவர்கள் உண்டு. இல்லை என்பவர்களும் உண்டு.

கோயிலில் திரை விலகியது. பட்டர் தீபத்தை உயர்த்தியவர் அப்படியே நின்றார்.

அம்பாளின் புதுப் பட்டில், இடது தோளில், வெள்ளையாக ஈரம். அபிடேகப் பால் தங்கிவிட்டது என்று நினைத்துத் திரையை இழுத்தார். துடைத்தார். வேறு பட்டுச் சாத்தினார். திரை விலகியபோது அதே இடத்தில் மறுபடியும் ஈரம். தொட்டுப் பார்த்தார். திரிந்த பால். பசும்பாலின் மணம் இல்லை அதில். பிள்ளையின் வாய் மணமும் லேசாக வசம்பும் இருந்தன.

முன்வரிசையில் கைப்பிள்ளையோடு நின்ற ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். "சாமி, அது பிள்ளை கக்குன பால்லா."

 படித்துறையில் தாம் சொன்ன சொல்லும், அம்மையார் வரிசையை விட்டு இறங்கிப் போனதும் பட்டருக்கு நினைவு வந்தன. தீபத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்தார். கூட்டம் பின்னால் போயிற்று.

சங்கரவடிவின் வீட்டுப் புறவாசலில், கோயிலை நோக்கி நின்றிருந்தார் அம்மையார். தோளில் பிள்ளை. சேலையின் இடது தோளில் அதே ஈரம், அதே அளவு. பட்டர் படலுக்கு வெளியே நின்று கைகூப்பினார்.

"அம்மா, கோயிலுக்கு வரணும்."

"நான் தீட்டுல்லா சாமி."

"அம்பாளும் இப்பம் அதே தீட்டுலதான் நிக்கா. நீங்க வாங்கோ."

அம்பாளின் தோளில் கண்டதைப் பட்டர் சொல்லக் கேட்டார் அம்மையார்.  பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை இப்பந்தான் கண்ணசந்திருக்கு சாமி. அவன் அம்மையும் தூங்குதா. எந்திரிச்சதும் வாரேன்" என்றார்.

பட்டர் தெருவில் நின்றார். ஊர் நின்றது. கோயிலில் நாயகியும் தீபம் காணாமல் நின்றாள்.

வெயில் சாயும் வேளையில் சங்கரவடிவு கண் விழித்தாள். தொட்டிலைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. எழுந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, பிள்ளைய எங்க?"

"இங்கதாம்ளா."

"என்ட்ட தாங்க."

அம்மையார் கொடுத்தார். அவள் பிள்ளையின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். காதை வருடிப் பார்த்தாள். "அவுக காதுல்லா இது" என்றாள். பகவதி ஆச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதன் பின்னரே அம்மையார் புறப்பட்டார். சேலை மாற்றவில்லை, பட்டர் மாற்றச் சொல்லவும் இல்லை. மக்கள் விலகி வழிவிட்டார்கள். கருவறைக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தி, பட்டர் தீபத்தைக் காட்டினார்.

நீர்வளநாயகியின் இடது தோள் தாழ்ந்திருந்தது. சிற்பியின் பிழை என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பக்கம் மாலை நிற்காது. பட்டர் நாரால் கட்டித்தான் சாத்துவார். ஊருக்கெல்லாம் தெரிந்த இது அம்மையாருக்கு மட்டும் தெரியாது. பார்த்தார். தம் தோளைத் தொட்டுக்கொண்டார்.

"உனக்கும் வலிக்குமே தாயி" என்றார்.

வேறு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் சங்கரவடிவின் வீட்டுப் புறவாசலில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று முதல் நன்னீர்க்கரையில் பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்களையும் அங்கே புழங்குகிறவர்களையும் கோயில் வாசலில் யாரும் நிறுத்துவதில்லை. அம்பாளின் இடது தோளில் பட்டுக்கு மேல் ஒரு பழந்துணியை மடித்துப் போடுவதும் அன்று வந்த வழக்கமே. பிள்ளையைத் தாங்குவோர் உலகில் பலர். பெற்றவளையும் சேர்த்துத் தாங்கிய அந்தத் தாழ்ந்த தோள் நம் வணக்கத்துக்கு உரியது.