கொப்பரையில் எழுந்த நாரைகள்

சவரிமுத்துவுக்கு அறுபத்தொரு வயது. அவருடைய குரு தில்லைநாயகிக்கு முப்பத்திரண்டு. ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவர் அவளை ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டார்.

நாற்பது வருடம் ஸ்டுடியோ நடத்திய மனிதர். ஏரியிலிருந்து நாரைகள் ஒன்றாகக் கிளம்பும் படம் ஒன்றை எடுத்திருந்தார். அதைக் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாகப் பிரித்து, அச்சுச் சட்டமாக்கி, தில்லைநாயகியின் சாயப்பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வேர்ச்சாயத்தில் அது வர வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆறு மாதம் அவரைத் துணி அலச விட்டாள். பிறகு ஒரே ஒரு துணி கொடுத்தாள்.

“இது தேறினா இருங்க. தேறலைன்னா ஸ்டுடியோவுக்கே போயிடுங்க ஐயா.”

கடுக்காயில் ஊறிக் காய்ந்த துணி. அதன்மேல் சட்டத்தை வைத்துப் படிகாரக் கரைசலை அச்சடித்தார். படிகாரம் விழுந்த இடத்தில்தான் பிறகு சிவப்பு பிடிக்கும். ஆனால் அதற்கென்று நிறம் கிடையாது. அடித்து முடித்துப் பார்த்தால் துணி வெறும் துணியாகவே கிடந்தது.

மூன்று நாள் காயட்டும், கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நினைத்த நேரம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே பழகியவர். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், பட்டறையில் யாரும் இல்லாதபோது, அளந்து பார்த்து, ஒரே ஒரு நாரை இருக்க வேண்டிய இடத்தில் படிகாரத்தை மறுபடி தடவிவிட்டார். எல்லாவற்றுக்கும் முன்னால் பறக்கும் நாரை அது. அவருடைய செல்லம். அது வராமல் போனால் படம் எதற்கு?

நாலாம் நாள் துணியை ஆற்றில் அலசி, வேர் கொதிக்கும் கொப்பரையில் இறக்கினார்கள். ஆளுக்கொரு கழியால் புரட்டினார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சிறகு தெரிந்தது. அப்புறம் ஒரு கழுத்து. அப்புறம் எண்ண முடியவில்லை, திமுதிமுவென்று வந்தன. சவரிமுத்து வயதை மறந்து குதித்தார். தில்லைநாயகிக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் கொப்பரையில் போட்டோ எழுந்தது அதுதான் முதல் தடவை.

துணியை வெளியே எடுத்து விரித்தார்கள். முன்னால் பறக்க வேண்டிய நாரையைக் காணோம். அந்த இடத்தில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு சிவப்புத் திட்டு.

சவரிமுத்துவின் முகம் செத்துவிட்டது.

“நான்தான் டீச்சர். வராதோன்னு பயந்து மறுபடி தடவிட்டேன்.”

அவர் ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தார். அவள் உள்ளே போய், கடுக்காயில் ஊறிய இன்னொரு துணியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

“அதுதான் தேறலையே டீச்சர்?”

“அதுல மொத்தம் எத்தனை நாரை ஐயா?”

“நூத்தி எண்பத்தி நாலு.”

“ஒண்ணைத்தான் தொட்டிருக்கீங்க. மிச்ச நூத்தி எண்பத்தி மூணையும் யாரை நம்பி விட்டீங்க?”